வியப்பூட்டும் தகவல்களுக்கும் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழுடன் வாரந்தோறும் வரும் மாணவர் இணைப்பில், சென்ற வாரம் பிரிட்டன் வரலாற்றில் புகழ்பெற்றவர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வெளியாகியிருந்தது. கோவை போத்தனூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அயல்நாட்டு வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எளிய தமிழில் சொல்வதற்காக ஒரு நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்குவது இன்று அரிதாகிவிட்டது. அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நன்றியுணர்வோடுதான் பின்வருவனவற்றையும் எழுதுகிறேன்.

பக்கத்தின் நடுவில், மரத்தடியில் அமர்ந்திருக்கும் ஐசக் நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழும் ஓவியம். அதற்கு வலப்புறம், அலாவுதீன் கதையில் வருவது போன்ற மூக்கு நீண்ட விளக்கை ஏந்தி நிற்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கீழே, ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்திருக்கும் கடற்படைத் தளபதி நெல்சன். ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: ஆப்பிள் நிறுவனத்தின் கடித்த ஆப்பிள் சின்னம், கணினி அறிஞர் ஆலன் டூரிங்கின் மரணத்தை நினைவுகூர்வதற்காக வரையப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. நான்கையும் என் பேத்தி ஒட்டி முடித்து, வண்ணப் பென்சிலால் சுற்றிலும் கோடும் போட்டிருந்தாள்.

வியப்பூட்டும் தகவல்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் எத்தனை முறை சொன்னாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன், எதிர்பாராத ஒரு செய்தி காதில் விழுந்தால் நிமிர்ந்து உட்காருவான் என்பதை வகுப்பறையில் கண்டவன் நான். என் வருத்தமெல்லாம், இந்த மனிதர்களின் வாழ்க்கையில் ஆவணச் சான்றோடு கிடைக்கும் உண்மையான வியப்புகள் ஏராளமாக இருக்கும்போது, கண் காது மூக்கு வைத்துச் சொல்லப்பட்ட கதைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனவே என்பதுதான். ஆகவே என் கோரிக்கை ஒன்றே: ஒவ்வொரு வியப்புத் தகவலுக்கும் கீழே, 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்பதற்கு விடையாக ஒரே ஒரு வரியைச் சேர்த்து வெளியிடுங்கள். அந்த ஒரு வரியைத் தேடப் புகுந்தாலே பொய்யான தகவல்களில் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிடும். மெய்யானவை இன்னும் சுவை கூடி நிற்கும்.

நியூட்டனையே எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் கதை முழுக்கக் கட்டுக்கதையன்று. 1726ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அப்போது 83 வயது முதியவராக இருந்த நியூட்டனோடு உணவருந்திய வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பர், உணவுக்குப் பின் இருவரும் தோட்டத்தில் ஆப்பிள் மரங்களின் நிழலில் தேநீர் அருந்தியதையும், முன்பு இதே போன்ற ஒரு சூழலில்தான் ஈர்ப்பு விசை பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியது என்று நியூட்டன் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் படி இன்றும் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் இருக்கிறது. அவர் சிந்தனையில் அமர்ந்திருந்தபோது ஒரு பழம் விழுந்தது என்பதோடு ஸ்டூக்லியின் குறிப்பு நின்றுவிடுகிறது. தலை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு பழம் விழுந்த கணத்திலேயே எல்லாம் விளங்கிவிடவும் இல்லை. பிளேக் நோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்ட 1665, 1666ஆம் ஆண்டுகளில் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிய இளைஞரின் மனத்தில் எழுந்த எண்ணம், முழுமையான கணிதமாக அச்சில் வந்தது 1687இல்தான். இடையில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. தலையில் பழம் விழும் ஓவியம் மறைத்துவிடுவது அந்த உழைப்பைத்தான்.

அதே நியூட்டன் தம் வாழ்வின் கடைசி 30 ஆண்டுகளை எங்கே செலவிட்டார் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1696இல் அவர் லண்டன் கோபுரத்தில் இருந்த அரசு நாணயச்சாலையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். நம் சென்னையில் தங்கசாலை என்று இன்றும் ஒரு தெருவே பெயர் சுமந்து நிற்கிறதல்லவா, அதே தொழில்தான். பெரிதாக வேலை ஏதுமின்றிச் சம்பளம் பெறத்தக்க கௌரவப் பதவி என்று பிறர் கருதிய அந்த இருக்கையில் அமர்ந்தவர், அதைக் கடும் உழைப்புக்குரிய பதவியாக மாற்றிக்கொண்டார். அந்நாளைய இங்கிலாந்தில் வெள்ளி நாணயங்களின் ஓரத்தைச் சிறிது சிறிதாகச் சீவியெடுத்து உருக்கி விற்பதும், கள்ள நாணயம் அடிப்பதும் பெருகியிருந்தன. பழைய நாணயங்களையெல்லாம் திரும்பப் பெற்றுப் புதிதாக அடிக்கும் மாபெரும் பணி நடந்துகொண்டிருந்தது. அதற்காக நாட்டில் மேலும் 5 ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் செஸ்டர் நகரில் இருந்ததில் பணியாற்றியவர் வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி.

கள்ள நாணயக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பதும் கண்காணிப்பாளரின் கடமையாக இருந்தது. கேம்பிரிட்ஜில் அறையைவிட்டு அதிகம் வெளியே வராமல் வாழ்ந்த அந்தப் பேராசிரியர், இப்போது சிறைகளுக்குச் சென்று கைதிகளை விசாரித்தார், ஒற்றர்களை அமர்த்தினார், 100க்கும் மேற்பட்ட விசாரணைகளைத் தாமே முன்னின்று நடத்தினார். வண்டிக் கூலிக்கும், மதுக்கூடங்களிலும் சிறைச்சாலைகளிலும் ஆன செலவுக்கும் அவர் அரசிடம் பணம் கேட்டுக் கணக்குக் காட்டியிருக்கிறார். புவியீர்ப்பைக் கணக்கிட்ட கை எழுதிய பயணச் செலவுக் கணக்கு அது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. வில்லியம் சலோனர் என்ற கைதேர்ந்த கள்ள நாணயக்காரன், நாணயச்சாலையில்தான் ஊழல் நடக்கிறது என்று நாடாளுமன்றக் குழுவிடமே குற்றம் சாட்டித் தன்னை உள்ளே விடச் செய்ய முயன்றான். நியூட்டன் சாட்சிக்கு மேல் சாட்சியாகத் திரட்டி அவனை நீதிமன்றத்தில் நிறுத்தினார். கள்ள நாணயம் அடிப்பது அன்று அரச துரோகம், தண்டனை மரணம். உயிர்ப்பிச்சை கேட்டு சலோனர் நியூட்டனுக்கு எழுதிய கடிதமும் எஞ்சியிருக்கிறது. 1699 மார்ச்சில் அவன் தூக்கிலிடப்பட்டான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நியூட்டனின் கண்டிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேதை என்பதற்காக அந்தக் கண்டிப்பைப் பூசி மெழுகத் தேவையில்லை.

நம் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையில் சில நாணயங்களின் விளிம்பில் நெருக்கமாக வரிகள் இருக்கும். வகுப்பில் அப்படி ஒரு நாணயத்தை மாணவர்களின் கையில் கொடுத்து, விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். பார்த்த பிறகு, இந்த வரிகள் எதற்கு என்று கேட்பேன். அழகுக்கு என்பார்கள், பார்வையற்றோர் தடவி அறிவதற்கு என்பார்கள். இரண்டாவது விடையில் இக்காலத்துக்குரிய உண்மை உண்டு. ஆனால் வெள்ளியிலும் தங்கத்திலும் நாணயம் அடித்த காலத்தில், ஓரத்தைச் சீவினால் உடனே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இத்தகைய விளிம்பை ஏற்படுத்தினார்கள். அதைச் சொல்லிவிட்டு நியூட்டனின் பெயரைச் சொன்னால், வகுப்பு முடிந்த மணி அடித்தும் எழுந்து போக மாட்டார்கள். ஆப்பிள் கதைக்கு அந்த ஆற்றல் இருந்ததை நான் கண்டதில்லை.

அவரைப் பற்றிய இன்னொரு செய்தி ஆவணங்கள் எப்படித் தப்பிப் பிழைக்கின்றன என்பதையும் கற்பிக்கும். நியூட்டன் ரசவாதத்தைப் பற்றியும் விவிலியத்தைப் பற்றியும் எழுதிக் குவித்த தாள்கள் ஏராளம். அவருடைய உறவினர் வழிவந்த குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தபோது, அறிவியல் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்துவிட்டது. 1936இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்து பலர் கைக்குச் சிதறின. அவற்றில் கணிசமானவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர், பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கீன்ஸ். இரும்பைப் பொன்னாக்கும் முயற்சிகளைப் பற்றி இரவெல்லாம் எழுதியவரும், இயக்கவியல் விதிகளை வகுத்தவரும் ஒருவரே என்று உலகம் உறுதியாக உணர்ந்தது அதன் பிறகுதான்.

அடுத்து நைட்டிங்கேல் அம்மையார். அவர் கையில் இருந்தது மூக்கு விளக்கன்று. துருக்கியில் வழக்கத்திலிருந்த, துணியாலோ தாளாலோ ஆன, துருத்தி போல மடங்கும் கூண்டு விளக்கு. விளக்கின் வடிவத்தைத் திருத்துவது சிறிய காரியம். பெரிய காரியம், அந்த விளக்கின் வெளிச்சத்தில் நாம் பார்க்கத் தவறிய பெண்ணைப் பார்ப்பது. ரஷ்யாவுக்கு எதிரான கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 செவிலியரோடு அவர் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைக்கு வந்தார். வந்தவுடன் சாவுகள் குறைந்துவிட்டன என்றுதான் தங்கள் பக்கமும் சொல்கிறது. பாடப்புத்தகங்களிலும் நான் அப்படித்தான் படித்தேன், பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தும் இருக்கிறேன். உண்மையில் அந்தக் குளிர்காலத்தில் சாவுகள் கூடிக்கொண்டே போயின. மருத்துவமனைக் கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையத்தார் கழிவுநீர்க் கால்வாய்களைக் கழுவிவிட்டு, காற்றோட்டத்தைச் சீராக்கி, குடிநீர் வரும் வழியில் கிடந்த செத்த குதிரையையும் அகற்றிய பிறகே சாவுகள் மளமளவென்று சரிந்தன.

இதைச் சொன்னால் அம்மையாரின் புகழுக்கு இழுக்கு வருமே என்று சிலர் தயங்குகிறார்கள். அவருடைய பெருமை தொடங்குவதே இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. நாடு திரும்பிய அவரை வீராங்கனையாகக் கொண்டாட மக்கள் காத்திருந்தபோது, அவர் கூட்டங்களைத் தவிர்த்துவிட்டு, புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் என்பவரோடு அமர்ந்து இறந்த வீரர்களின் கணக்கைப் புரட்டத் தொடங்கினார். எதிரியின் குண்டுக்கும் வாளுக்கும் பலியானவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்குப் பலியானவர்கள் பல மடங்கு என்பதை எண்கள் காட்டின. அந்த எண்களை அமைச்சர்களும் அரசியும் படிக்க மாட்டார்கள் என்று அறிந்தவர் அவர். ஆகவே 1858இல் அவற்றைப் பூவிதழ்கள் போல விரியும் வட்ட வரைபடமாக்கினார். மாதத்துக்கு ஓர் இதழ். நோய்ச் சாவுகளுக்கு நீலம், காயத்தால் நேர்ந்தவற்றுக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு வட்டங்கள். முதல் வட்டத்தில் நீலம் பொங்கி வழிகிறது. அடுத்த வட்டத்தில் அது சுருங்கிப்போகிறது. எழுத்தறியாதவனும் பார்த்த மாத்திரத்தில் செய்தியை உணர்ந்துகொள்வான். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வரும் புள்ளிவிவரப் படங்களுக்கு முன்னோடியாக அதைத் தயங்காமல் சொல்லலாம். அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் அவர் ஆனார்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத அந்த அம்மையார், இந்தியாவின் சுகாதாரத்துக்காக ஏறக்குறைய 40 ஆண்டுகள் எழுதினார். உடல்நலம் குன்றிப் பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே, இந்தியாவில் இருந்த ஒவ்வொரு படைத்தளத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பச் செய்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று விடை வாங்கினார். போர் இல்லாத காலத்திலும் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் 1,000 பேருக்கு ஆண்டுதோறும் 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போது வெளியானது. பத்தாண்டுகளில் அது 18ஆகக் குறைந்ததை 1873இல் அவரே எழுதினார். படைவீரர்களோடு அவர் நின்றுவிடவில்லை. தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு 1878இல் லண்டன் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையை, இந்திய மக்களைப் பற்றி நாம் அக்கறை கொள்வதில்லை என்று தம் நாட்டவர் மீது நேரடியாகக் குற்றம் சாட்டியே தொடங்கினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பஞ்சத்துக்கு மருந்து பாசனமே என்ற அவர் கருத்தை ஆதரித்து வாதாடினார். அந்த அணை கட்டப்பட்ட முக்கொம்புக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகளுக்கு, விளக்கேந்திய அம்மையார் நம் பாசனத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதைச் சொன்னால் அது எத்தனை பெரிய வியப்பு! அந்த வியப்புக்குப் பின்னால் அச்சில் வந்த கட்டுரையும் கடிதங்களும் சான்றாக நிற்கின்றன.

நெல்சனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1794இல் கோர்சிகாத் தீவில் நடந்த முற்றுகையில் அவருடைய வலக்கண் பார்வை போனது உண்மை. ஆனால் அவர் கறுப்புத் துணி கட்டியதில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உயரத் தூணின் மேல் நிற்கும் சிலையிலும் அது கிடையாது. பிள்ளைகளைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கத்தக்க மெய்ச் செய்தி வேறு இருக்கிறது. பிரிட்டனின் மாபெரும் கடல் வீரருக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது. பலத்த காற்று வீசும்போதெல்லாம் தமக்கு உடல்நலம் கெடுகிறது என்றும், தொழில் மீதுள்ள பற்று மட்டுமே தம்மைக் கடலில் நிறுத்தி வைத்திருக்கிறது என்றும் 1804இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிரஃபால்கர் போருக்கு முந்தைய ஆண்டு அது. 1774இல், 15 வயதுச் சிறுவனாக, 'சீஹார்ஸ்' என்ற போர்க்கப்பலில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கள் பக்கத்தில் விக்டோரியா மகாராணியைப் பற்றி இருந்த நான்கு வரிகளும் பிறந்த நாள், முடிசூட்டு நாள், மறைந்த நாள் என்ற அளவில் முடிந்துவிட்டன. பிழையில்லாத வரிகள்தாம், ஆனால் உயிரில்லாதவை. இந்தியப் பேரரசி என்ற பட்டத்தைச் சூடியும் இந்தியாவைப் பார்க்காமலே மறைந்த அவர், 68 வயதில் ஒரு இந்திய மொழியைப் படிக்கத் தொடங்கினார். 1887இல் ஆக்ராவிலிருந்து பணியாளாக வந்து சேர்ந்த 24 வயது அப்துல் கரீம்தான் ஆசான். முன்ஷி என்று அவரை அழைத்து, அவரிடம் உருது எழுத்தில் இந்துஸ்தானி எழுதிப் பழகி, சாகும் காலம் வரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் அந்தப் பாடத்தைத் தொடர்ந்தார். அரண்மனையாருக்கு இந்த நட்பு அறவே பிடிக்கவில்லை. மகாராணி மறைந்ததும் மகன் ஏழாம் எட்வர்டின் ஆணைப்படி முன்ஷியின் வீட்டில் இருந்த கடிதங்கள் எரிக்கப்பட்டன. முன்ஷி ஊருக்கு அனுப்பப்பட்டார். கடிதங்கள் எரிந்துபோயின என்றால் இச்செய்தி எப்படித் தெரியும் என்று கேட்கும் பிள்ளைக்கு விடை இருக்கிறது: மகாராணியின் இந்துஸ்தானிப் பயிற்சி நோட்டுகள் எரிக்கப்படவில்லை, அவை இன்றும் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இனி, என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய ஆலன் டூரிங். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைப்பதில் தலையாய பங்கு வகித்தவர். கணினி என்ற கருத்துக்கே அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். தன்பாலின உறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதிலாக இயக்குநீர் (ஹார்மோன்) ஊசிகளை ஏற்று, 1954 ஜூன் 7 அன்று 41 வயதில் சயனைடு நஞ்சால் இறந்தார். படுக்கையருகே பாதி தின்ற ஆப்பிள் ஒன்று கிடந்தது. அந்த ஆப்பிளில் நஞ்சு இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஆப்பிள் நிறுவனச் சின்னத்தை வரைந்தவரும் டூரிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதைக்காக, ஒரு மனிதருக்கு நாடு இழைத்த கொடுமை ஒரு வணிகச் சின்னத்தின் துணுக்காகச் சுருங்கிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டூரிங்கைப் பற்றிய மெய்யான வியப்புகளைக் கேளுங்கள். ஜெர்மானியர் படையெடுத்து வந்துவிட்டால் வங்கிப் பணம் போய்விடும் என்று அஞ்சி, 1940இல் இரண்டு வெள்ளிக் கட்டிகளை வாங்கி மண்ணில் புதைத்து வைத்தார். உலகின் மிகக் கடினமான குறியீட்டை உடைத்தவரால், போர் முடிந்து தேடியபோது தாம் புதைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உலோகம் கண்டறியும் கருவியோடு போயும் பயனில்லை. நெடுந்தூர ஓட்டத்தில் வல்லவர்; 1947இல் மராத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடினார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமான ஒன்றை இப்போது சொல்கிறேன். அவருடைய தாயார் ஈதல் சாரா ஸ்டோனி 1881 நவம்பர் 18ஆம் நாள் பிறந்தது எங்கள் போத்தனூரில். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை ரயில்வேயின் பொறியாளர். துங்கபத்திரை ஆற்றின் மேல் பாலம் கட்டியவர். கூரையில் தொங்கும் பெரிய விசிறியான பங்காவை இழுப்பதற்கு ஓசையெழுப்பாத சக்கரம் ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை பெற்றவர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908இல் குன்னூரில், ஸ்டோனி குடும்பத்து மாளிகையில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் மீண்டும் இந்தியா வந்தபோது சிறுவர் இருவரும் இங்கிலாந்திலேயே வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டார்கள். பெற்றோர் எங்கோ மெட்ராஸில் இருக்க, கடிதங்களை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

எங்கள் ஊர் ரயில் நிலைய நடைமேடையில் மாலை நடை போகும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். பழைய ரயில்வே குடியிருப்புப் பகுதியில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் வரலாறு கற்பித்திருக்கிறேன். இந்தச் செய்தியை நானே ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன். அறிந்தபோது, வகுப்பில் சொல்ல வாய்ப்பில்லாமல் போனதே என்று உண்மையாகவே வருந்தினேன். கணினிப் பொறியியல் படிக்கப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, கணினியின் தந்தையைப் பெற்றவர் உங்கள் ஊரில் பிறந்தவர் என்று சொல்வதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எது?

அந்தத் தாயார் மகனின் வாழ்க்கையை 1959இல் ஒரு நூலாக எழுதினார். மகன் போர்க்காலத்தில் செய்த மாபெரும் பணியை அந்த நூலில் விளக்கிச் சொல்ல அவரால் இயலவில்லை. எனிக்மாவை உடைக்கும் பணி நடந்த பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தின் இரகசியம் 1974 வரை வெளியுலகுக்குத் திறக்கப்படவில்லை. அவரோ 1976இல், 94ஆவது வயதில் மறைந்தார். மகனுக்கு அரச மன்னிப்பு 2013இல் வந்தது. 2021இல் 50 பவுண்டு தாளில் அவர் படம் அச்சிடப்பட்டது. கள்ள நாணயக்காரர்களை வேட்டையாடிய நியூட்டனும் 1 பவுண்டு தாளில் இருந்தவர், நைட்டிங்கேலும் 10 பவுண்டு தாளில் இருந்தவர் என்பதைத் தங்கள் பக்கத்தை வடிவமைப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று தாள்களின் படங்களை அடுத்தடுத்து வைத்தாலே பக்கம் நிறைந்துவிடும்.

வரும் வாரங்களுக்கும் செய்திக்குப் பஞ்சமில்லை. இளைஞர் சார்லஸ் டார்வினுக்கு எடின்பரோவில் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவர், கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டோன் என்ற கறுப்பினத்தவர்; டார்வின் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரைப் பெயர் சொல்லாமல் நன்றியோடு குறிப்பிட்டார், பெயரைத் தேடிக் கண்டவர்கள் பின்வந்த ஆய்வாளர்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், 1829இல் பிரதமராக இருந்துகொண்டே ஒரு பிரபுவோடு துப்பாக்கிச் சமர் புரிந்தார். புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகிய மைக்கேல் ஃபாரடே, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட முடியும். விரும்பினால் நான் திரட்டி வைத்திருக்கும் குறிப்புகளைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

வரும் ஜூன் 23 ஆலன் டூரிங்கின் பிறந்த நாள். அந்த வாரத்து மாணவர் இணைப்பில், மேற்கண்ட பிழைகளைத் திருத்தி, போத்தனூர்ச் செய்தியையும் சேர்த்து, ஒவ்வொரு தகவலுக்கும் அது எப்படித் தெரியும் என்ற வரியோடு ஒரு பக்கம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பேத்தி ஒட்டிய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
போத்தனூர், கோயம்புத்தூர்.